புகை விழாத இடம்

எஃகு ஆலைப் புகை எங்கெங்கே போய் விழும் என்று கணக்கிட்டு வரைபடம் போடுவதுதான் அவள் வேலை.

“புகையே படாத இடமாக் காட்டும்மா, வீடு கட்டணும்,” என்றார் ஆலை முதலாளி.

வீட்டில் இருமிக்கொண்டு கிடக்கும் கணவரை நினைத்தபடியே, அரசாங்கத்துக்குப் போன வரைபடத்தில் வெள்ளையாக இருந்த ஒரு தெருவைக் காட்டினாள். மழைக்காலத்தில் போய்ப் பார்த்தார், பளிச்சென்று இருந்தது. மளமளவென்று வீடு எழும்பியது.

கோடைக் காற்று திரும்பியதும் ஒருநாள் அவள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. இதற்காகவே காத்திருந்தவள் நிதானமாகத் திறந்தாள். சட்டையெல்லாம் கரியாக, இருமலோடு முதலாளி.

“பக்கத்து வீட்டுல தண்ணி கேக்கலாம்னு... நீயா? பொய்ப் படமா காட்டுன?”

“நீங்க கையெழுத்துப் போட்ட படம்தான் சார். ஆலைக்கு அனுமதி கிடைக்கணும்னு, நான் போட்டிருந்த காத்துத் திசையை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்ப வச்சீங்களே, அது.”

உள்ளே கணவர் இருமினார்.

“உள்ள வாங்க சார். அவருக்கும் பேச்சுத் துணையாச்சு.”