தீப்பெட்டி ஆபீஸில் முதல் படம்

ஆறு மாதமாகத் தட்டிக்கொட்டிச் சரிசெய்த பழைய மரக் கேமராவைத் தன் தீப்பெட்டி ஆபீஸுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் முதலாளி தங்கசாமி. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"மொதப் படம் இங்கனதான். எல்லாரும் வழக்கம்போல வேலையப் பாருங்க."

சூப்பர்வைசர் மணிகண்டபிரபு அவர் காதருகே குனிந்தான். "படத்துலயாவது பாருங்க அண்ணாச்சி. இவளுவ ஒருத்தியும் வேல பாக்க மாட்டேங்காளுவ. நான் ஒருத்தன்தான் கெடந்து ஓடுதேன்."

"சரி, நீயும் போய் ஒன் வேலையப் பாரு."

தங்கசாமி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து லென்ஸ் மூடியைக் கழற்றினார். ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடி மூடினார்.

மறுநாள் படத்தைப் பார்த்த மணிகண்டபிரபுவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டி அடுக்கிய பெண்களின் கையும் முகமும் வெறும் புகையாக விழுந்திருந்தன. தூணில் சாய்ந்து நின்ற அவன் மட்டும், மீசை முடியை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவாக இருந்தான்.

"என்னைய மட்டும் எப்படி அண்ணாச்சி இவ்வளவு அம்சமா எடுத்திய?"

தங்கசாமி படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் எங்கல எடுத்தேன்? ஒரு நிமிசம் மூடி தொறந்தே கெடந்துச்சு. அதுக்குள்ள அசைஞ்ச ஆளெல்லாம் இந்தக் கேமராவுக்குப் பொகைதான்."