பதினேழு முட்டை

"கார்டெலை விடுவிச்சுடுங்க சார். இன்னிக்கே."

கேட்கவே கூடாததை, ஆட்டக்காரர் கார்டெலின் ஏஜென்ட் ஒசெல்லா கேட்டுவிட்டாள். "என்ன வேணா கேளு, விடுவிப்புக் கடிதம் மட்டும் கேட்காதே. முப்பத்தொரு வயசுக்காரனை அப்புறம் எந்த அணியும் சீந்தாது" என்று அவளுடைய ஏஜென்சி மேலாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மேசைமேல் போட்ட காலை எடுக்காமலே கிரேடி சிரித்தான். அலபாமாவில் பாதிக் கோழிப் பண்ணைகளை அவனுக்கு விட்டுப்போன அப்பா, கூடவே, பந்தைக் கையால் எறிந்து ஆடும் இந்த அமெரிக்க ஃபுட்பால் அணியையும் விட்டுப்போயிருந்தார்.

"புது ஏஜென்ட்டா? எந்த ஊரும்மா?"

"இதே ஊர்தான். எங்கப்பா இருபது வருஷம் உங்க பண்ணையில கோழி உரிச்சாரு. நான் சட்டம் படிச்சேன்."

"அப்ப சொன்னாப் புரியும். முட்டை போடாத கோழிக்கு நாங்க தீனி போடறதில்ல. உன் ஆளு ஆட்டத்துக்கு ஒரு முட்டை போடறான், அதான் கஷ்டம்!"

தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கியபடி ஒரு தாளைத் தள்ளினான்.

இருபத்துநாலாம் நம்பர் கார்டெல், ஓரக் காவல்காரன். எதிரணி ஆளை நிழலாக ஒட்டி ஓடி, அவனுக்கு எறியப்படும் பந்தைப் பறிப்பது அவன் வேலை. தாளில் பதினேழு ஆட்டம். பறித்த பந்துகள் என்ற கட்டத்தில் பதினேழு பூஜ்யம்.

"அடுத்த வருஷம் பெஞ்சுல உட்காரட்டும். தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கட்டும்."

"உட்கார வெச்சே அவரை முடிச்சுடுவீங்க. கையெழுத்துப் போடுங்க."

"கோச் தாம்தூம்னு குதிப்பாரு. குதிக்கட்டும். அந்த ஆளுக்கு எண்ணத் தெரியாது, எனக்குத் தெரியும்."

போட்டான். ஒசெல்லா மை காயும்வரை ஊதி, கடிதத்தைப் பைக்குள் வைத்தாள். அதே பையிலிருந்து அழுக்கேறிய பட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"என்ன இது?"

"பந்து எறியற குவார்ட்டர்பேக், யாருக்கு எப்படி எறியணும்னு எழுதி மணிக்கட்டுல கட்டிக்குவாரே, அது. கடைசி ஆட்டம் முடிஞ்சு ஜெர்சி மாத்திக்கிட்டப்ப, சாம்பியன் அணி குவார்ட்டர்பேக் இதையும் கழட்டி கார்டெல் கையில கட்டிவிட்டாரு. படிங்க."

சிவப்பு மையில் கொட்டை எழுத்து: '24 நிற்கும் பக்கம் தலையைக்கூடத் திருப்பாதே.'

கிரேடியின் கால் மேசையிலிருந்து இறங்கியது.

"எறிஞ்சாத்தானே சார் பறிக்க முடியும்? பதினேழு ஆட்டத்துல ஒருத்தனுக்கும் தைரியம் வரல. பின்பக்கமும் பாருங்க."

திருப்பினான். 'உன்னை வெளியே விட்டால் அன்றைக்கே கூப்பிடு' என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பர். "அம்மா, அந்தக் கடிதத்தைக் கொஞ்சம்..." என்று அவன் நிமிர்ந்தபோது, அதே நம்பரை அழுத்தியபடி அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.