மியாவின் சந்தேகம்

"மறுபடியும் அதே கேள்வி, ஏன்னா! நாலாவது தடவை!"

மட்டாஞ்சேரி மாடி வீட்டில் காலை ஆறரை மணி. கீழே சுக்கு மூட்டை இறக்குகிற கூச்சல் மைக்கில் விழாமலிருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, விசாலாக்ஷி ஆன்லைனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு அமெரிக்க சரித்திரம். அவர்கள் ஊர்க் கதையை அவர்களுக்கே இங்கேயிருந்து சொல்லிக் கொடுக்கிறோம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

திரையில் "மியா" என்று பெயர் மட்டும் தெரிந்தது. மூன்று மாதமாக அந்தப் பெண் ஒருநாளும் கேமராவைத் திறந்ததில்லை.

"மிஸ், சுதந்திரப் பிரகடனத்தை எழுதினது யாருன்னு இன்னொரு தடவை சொல்லுங்களேன். மெதுவா, ப்ளீஸ்," என்றது ஆங்கிலத்தில் குரல்.

"ஜெஃபர்சன், கண்ணா!" விசாலாக்ஷியும் நாக்கைச் சுழற்றி ஆங்கிலத்தில் தேனாகச் சொன்னாள். சொன்ன கையோடு கணவர் பக்கம் திரும்பினாள்.

"சரியான மக்கு! தலையில களிமண்தான் இருக்கு."

வைட்டிலா பஸ்ஸைப் பிடிக்கச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த வெங்கிடேஸ்வரன் பதறினார். "மைக்கை அணைச்சுட்டுப் பேசப்படாதோ?"

"எதுக்கு? தமிழ்தானே! வெள்ளைக்காரக் குட்டிக்கு என்ன புரியப் போறது? தினமும் இப்படித்தான் திட்டறேன். இல்லேன்னா எனக்கு மண்டை வெடிச்சுடும்."

"டெஸ்ட்ல நன்னா வாங்கறான்னியே?"

"நூத்துக்கு நூறு! எங்கேயோ பாத்து எழுதறது, திருட்டுக் கழுதை. இவளைக் கீழ் கிளாஸுக்குத் தள்ளுங்கோன்னு இன்னிக்கே ரிப்போர்ட் அனுப்பிடறேன்."

அனுப்புவதற்காக மவுஸை நகர்த்தினாள்.

"டீச்சர், அப்படி எழுதிராதீங்க!"

தமிழ்! அதுவும் பெரியவர் குரல். விசாலாக்ஷியின் கை அப்படியே நின்றுவிட்டது.

கேமரா திறந்தது. தலையில் முக்காடிட்ட ஒரு பெண். மடியில் நோட்டு, பக்கம் முழுக்க மலையாள எழுத்து. அருகில், பல்லில் கம்பி கட்டிய ஒரு சிறுமி.

"நான் ரஹீனாங்க, பாலக்காட்டுக்காரி. இவ எம் மவ லமியா. ஸ்கூல்ல மியான்னு சுருக்கிட்டாங்க. மக்கு இவ இல்லைங்க, நான்தான். வியாழக்கிழமை எனக்குக் குடியுரிமை இன்டர்வியூ. சரித்திரத்துல கேள்வி கேப்பாங்க. உங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசக் கூச்சமா இருந்துச்சு. அதான் எனக்காக இவ திரும்பத் திரும்பக் கேக்கிறா. இவளுக்கு எல்லாமே தெரியுங்க. என்னை என்ன வேணா சொல்லுங்க, இவளைக் கீழ தள்ளிராதீங்க."

மூன்று மாதத்து மக்கும் களிமண்ணும் கழுதையும் விசாலாக்ஷியின் காதுக்குள் திரும்பி வந்தன. திரையைப் பார்க்க முடியவில்லை. வெங்கிடேஸ்வரன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

"அப்போ... நான் பேசினதெல்லாம்..."

"கேட்டேங்க. நல்லவேளை, இவளுக்குத் தமிழ் புரியாது."

"ஐயோ! முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதோ?"

தப்பு செய்தவள் தான்தான் என்பதுபோல் ரஹீனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தமிழ் தெரியும்னு தெரிஞ்சா, உங்களுக்கு வெக்கமாப் போயிருமேன்னுதாங்க சொல்லலை."