மைனஸ் பதினெட்டு

“ஒரே ஒரு பாட்டில், மாமா. ஓரமா ஒண்டிக்கிட்டு இருக்கும். பெட்டிக்கே தெரியாது.”

“மூடியைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். போ, ஏரியில போட்டு வை.”

மச்சான் சிரித்துக்கொண்டே சோடா பாட்டில்களை வலைப்பையில் அள்ளிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தான். உள்ளே என்ன வைரமா வைத்திருக்கிறார் என்று போகிற போக்கில் ஒரு குத்தலும் வீசினான்.

பேட்டரிக்காரன் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

தெருவில் எல்லோருக்கும் அவன் பேட்டரிக்காரன்தான். வண்டி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எது படுத்துக்கொண்டாலும் அவன் கடைக்குத்தான் வரும். இந்தச் சின்ன ஃப்ரீசர் பெட்டிக்கும் அவன்தான் பேட்டரி பூட்டியிருந்தான். மூன்று நாளைக்குத் தாங்கும் என்று மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தான்.

உள்ளே இருந்தது ஒன்பது பை. எல்லாம் அவளுடைய பால்.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஏரிக்கரையில் போட்ட கூடாரத்தின் மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பம்பு வைத்து எடுத்தது. நாளைக் காலை ஆஸ்பத்திரியின் பால் வங்கிக்குப் போக வேண்டியது. அங்கே கண்ணாடிப் பெட்டிகளுக்குள், மாதம் நிறையாமல் பிறந்த, உள்ளங்கை அளவுப் பிள்ளைகள் கிடந்தார்கள்.

பை கல்லாக உறைந்தே வர வேண்டும் என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு தடவை உருகிவிட்டால் கீழே கொட்டிவிட வேண்டும். மறுபடி உறைய வைத்துக் கொடுத்தால் அந்தப் பிஞ்சுக் குடல் தாங்காது.

வீட்டுச் சுவர்களையே வெறித்துக்கொண்டிருந்தால் அக்காவுக்கு ஆகாது என்று இந்த ஏரிக்கரைப் பயணத்தை ஏற்பாடு செய்தவன் மச்சான்தான். பெட்டி கூட வந்தால் வருகிறேன் என்றாள் அவள். வேறு எதுவும் கேட்கவில்லை.

இன்று காலை ஆறு மணிக்குப் பேட்டரிக்காரன் எழுந்தபோது பெட்டியின் பச்சை விளக்கு அணைந்திருந்தது.

பேட்டரியில் கால்வாசி அப்படியே மீதி இருந்தது.

பேட்டரி முழுக்க இறங்குவதற்கு முன்பே பெட்டியின் ஓட்டத்தை நிறுத்திவிடும் விசை ஒன்று பெட்டியின் பின்புறம் உண்டு. கிளம்பும் அவசரத்தில், பழக்கதோஷம், அதை உச்ச அளவில் திருகி வைத்திருந்தான். அடிவரைக்கும் இழுக்காதீங்க, பேட்டரி செத்துடும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் நாள் முழுக்க ஓதுகிறவன் அவன்.

பேட்டரி பிழைத்துக்கொண்டது.

மேலே இருந்த பையை அழுத்திப் பார்த்தான். விரலுக்கு வழிவிட்டது. அடியில் இருந்ததையும் அழுத்தினான். அதுவும் வளைந்து கொடுத்தது.

அவள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு, வாய் லேசாகத் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

விசையைத் தாழ்த்தினான். சோலார் தகட்டை வெயிலில் விரித்தான். மூடியை இறுக்கினான். அதன்பிறகு பெட்டிப் பக்கம் ஒருவரையும் அண்டவிடவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று மத்தியானம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவன் வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள். ஒரு பை இருந்தால் ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள் காணுமாம், நர்ஸ் சொன்னாராம். அப்படியானால் ஒன்பது பைக்குப் பதினெட்டு நாள், யாரோ ஒரு பிள்ளை பதினெட்டு நாள் வளரும் என்றாள். சொல்லிவிட்டுத் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் சாப்பாடு கேட்டாள்.

அவன் எழுந்து போய்ச் சாப்பாடு கொண்டுவந்தான்.

சாயங்காலத்துக்குள் ஒன்பதும் மறுபடி கல்லாகிவிட்டன. பெட்டியின் திரையில் மைனஸ் பதினெட்டு. பார்த்தால் ஆஸ்பத்திரியில்கூட யாருக்கும் தெரியப்போவதில்லை. இனி அவன் வாயைத் திறந்தால்தான் உண்டு.

கூடாரத்தைப் பிரிக்கும் வேலை மச்சானுடையது. அவன் விசில் அடித்துக்கொண்டே முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவள் பால் வங்கியின் படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பி எடுத்துக்கொண்டு வந்து கணவனின் எதிரில் பாயில் உட்கார்ந்தாள்.

அவள் எழுதியிருந்ததை அவன் தலைகீழாகவே படித்தான். பெயர். முகவரி. பைகள், ஒன்பது. குழந்தையின் வயது, பதினோரு நாள்.

ஐந்து வாரமாக அந்தக் கட்டத்தில் அவள் பதினோரு நாள் என்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கடைசி வரி மட்டும் காலியாக இருந்தது. இடையில் எப்போதாவது உருகியதா?

அவள் பேனாவைத் திருப்பி அவன் பக்கம் நீட்டினாள். முகத்தில் ஏதோ ஒரு தெளிவு வந்திருந்தது.

“இந்த ஒண்ணை மட்டும் நீங்க எழுதிடுங்க. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கிட்டது நீங்கதானே.”