விட்டுப்போன வீடு

கொருக்குப்பேட்டையில் ஒரு தெருவில் எட்டு மாதமாகத் தங்கிக் குடும்பங்களின் நலவாழ்வை ஆராய்ந்துகொண்டிருந்தார் பேராசிரியர் சிவசைலம். தெருவிலுள்ள நாற்பது வீடுகளுக்கும் வீட்டுக்கொரு அட்டை எழுதி, அங்கேயே பல வருஷமாகக் குடியிருக்கும் கெங்கம்மாவிடமும் ரமாபாயிடமும் கொடுத்தார்.

“நல்லா இருக்கிற வீடு, சுமாரான வீடு, ரொம்பக் கஷ்டப்படுற வீடு. மூணாப் பிரிச்சு வைங்கம்மா.”

பத்தே நிமிடத்தில் பிரித்துவிட்டார்கள். கஷ்டப்படும் வீடுகள் ஐந்து.

“இன்னொரு அட்டை குடுங்க சார். ஒரு வூடு வுட்டுப்போச்சு” என்றாள் கெங்கம்மா.

அவருக்குச் சுருக்கென்றது. எட்டு மாதம் சுற்றியும் ஒரு வீடு கண்ணில் படவில்லையா? பேனாவைத் திறந்தார்.

“ஒரே ஆளு சார். மூணு வேளையும் ஓட்டல் பார்சலு.”

“சொந்தம்னு ஒருத்தரும் வந்து நாங்க பாத்ததில்ல” என்றாள் ரமாபாய். “தீபாவளி அன்னிக்கும் கதவ சாத்திகினு தனியாத்தான் கெடந்தாரு.”

“அடப் பாவமே” என்று எழுதிக்கொண்டார் அவர். “இவரை எங்க வைக்கலாம்?”

“அந்த அஞ்சுக்கும் அடியில வைங்க.”

“வீட்டு நம்பர்?”

கெங்கம்மா தயங்கினாள்.

“மாடி ரூமு சார். சாவி ஒங்க சட்டைப் பாக்கெட்லதான் கீது.”