பத்து மணி இடம்

"மேடம், உங்க பேரை முன்பதிவு லிஸ்ட்லேருந்து எடுக்கறதா முடிவு பண்ணியாச்சு. லெட்டர் ரெடி. கையெழுத்துதான் பாக்கி."

உட்காரக்கூடச் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தார் ஸ்கேல் சார்.

அவருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. நாலு ஊர் ஆஸ்பத்திரிகளும் மூன்று கல்லூரிகளும் சேர்ந்து வாங்கிய ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டருக்கு அவர்தான் பொறுப்பாளர். கிருமியோ, பயிரோ, மனுஷனோ, எதன் ஜீனாக இருந்தாலும் படித்து அர்த்தம் சொல்வது அந்த மெஷின்தான். தினமும் காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். முந்துகிறவருக்கு இடம். ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரே இடம். அமைச்சரே வந்து நின்றாலும் ஸ்கேல் வைத்துப் போட்ட இந்தக் கோடு இம்மியும் வளையாது.

எதிரே நின்றவர் விவசாயக் கல்லூரி விரிவுரையாளர். எல்லோருக்கும் 'பயிர் மேடம்'. கையில் செல்போன், முகத்தில் அசடு.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"என்ன பண்ணீங்களா? இதைப் பாருங்க." ஸ்க்ரீனைத் திருப்பினார். "ஏழு மாசமா, எட்டு மணி அடிச்சா முதல் ஆளா வந்து பத்து மணி இடத்தைப் பிடிக்கறீங்க. ஒன்பது நாப்பதுக்கு கேன்சல் பண்றீங்க. நூத்து நாப்பது தடவை! ஒரு நாளாவது அதுல உங்க வேலை ஓடியிருக்கா?"

"இல்ல சார்."

"பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் போன்ல என்னைக் கிழிகிழின்னு கிழிக்கறார். 'எங்களுக்கு இடம் இல்லைங்கறீங்க, அந்தம்மா பிடிச்சுப் பிடிச்சு விடறாங்க, இதென்ன கண்ணாமூச்சி ஆட்டமா'ன்னு கேக்கறார். உங்க சொந்த ஆராய்ச்சியே ஆறு மாசம் பின்தங்கிக் கிடக்கு. அதையும் பண்ணாம, அடுத்தவங்களையும் பண்ண விடாம..."

பயிர் மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது முப்பத்தெட்டு.

"சார், மிச்சத் திட்டை ரெண்டு நிமிஷம் கழிச்சு வாங்கிக்கறேனே. இப்போ அவசரமா ஒரு கேன்சல் பண்ணணும்."

ஸ்கேல் சாருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"என் ரூம்லேயே நின்னுக்கிட்டு, என் கண்ணு முன்னாடியேவா?" என்று பேனா மூடியைக் கழற்றினார்.

அதற்குள் மேடத்தின் செல்போன் அடித்தது. மேடம் ஸ்பீக்கரில் போட்டார். கட்டைவிரல் கேன்சல் பட்டனுக்கு மேலே நின்றது.

"ரெடியா சிஸ்டர்? ஒண்ணு, ரெண்டு, மூணு... விட்டுட்டேன்!"

ஸ்கேல் சாரின் ஸ்க்ரீனில் பத்து மணிக் கட்டம் சிவப்பிலிருந்து பச்சையானது. அவர் கண் சிமிட்டுவதற்குள் மறுபடி சிவப்பானது. இந்தத் தடவை அதில் வேறு பெயர். மலை ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு.

"உட்கார்ந்துட்டோம் மேடம்! துண்டை எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார் சிஸ்டர்.

பேனா அந்தரத்தில் நின்றது.

"என்ன துண்டு?"

"பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிப்போமில்ல சார், அதுதான்." மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அந்த ஆஸ்பத்திரிக்கு மொத்தமே ஒரு நெட் லைன். எட்டுலேருந்து ஒன்பதரை வரைக்கும் ஓ.பி. சீட்டு போடறதுக்கே சரியாப் போயிடும். அவங்க கைக்கு லைன் வர்றப்போ இங்கே அன்னிக்கு இடமெல்லாம் தீர்ந்துடும். காய்ச்சல்ல கிடக்கற பச்சைக் குழந்தைக்கு என்ன கிருமி, எந்த மருந்து கேக்கும்னு அன்னிக்கே தெரியணும் சார். மறுநாள்னா..."

செல்போனை அணைத்தார். பிறகு, "அந்த சிஸ்டர், இந்த மெஷினுக்காக நாம நடத்தற கூட்டுப் பயிற்சி வகுப்புல என் ஸ்டூடன்ட். கத்துக் கொடுத்துட்டு, செய்ய இடமில்லைன்னு எப்படி சார் சொல்றது?" என்றார்.

"அதை முறையா எழுதிக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டாங்க சார். 'ஒருத்தருக்குச் சலுகை காட்டினா எல்லாரும் கேப்பாங்க'ன்னு பதில் வந்துச்சாம்."

"எந்த மடையன் அப்படி எழுதினான்?"

மேடம் மேஜை மேலிருந்த பெயர்ப்பலகையை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவசரமாக ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஸ்கேல் சார் பழைய பதிவுகளை மேலே தள்ளிக்கொண்டே போனார். ஒவ்வொரு கேன்சலுக்கும் அடுத்த வரியில் மலை ஆஸ்பத்திரி. ஒரு நாள் தவறவில்லை. கேன்சலை மட்டும் கர்மசிரத்தையாக எண்ணியவர், அடுத்த வரியைப் படித்ததே இல்லை. வெட்கமாக இருந்தது அவருக்கு.

"அப்போ உங்க ஆராய்ச்சி?"

"ஒருத்தருக்கு ஒரு இடம்தானே சார் ரூல்? அதைத்தான் அங்கே கொடுத்துடறேனே. எங்கேயாவது மிச்சம் மீதி கிடைக்கறப்போ என்னோடது ஓடும். பயிர்தானே, கொஞ்சம் லேட்டானா கோவிச்சுக்காது."

சிரித்துக்கொண்டே சொன்னார். இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு ஆளை ஸ்கேல் சார் பார்த்ததில்லை. லெட்டரை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார்.

"எட்டு மணின்னா டாண்ணு எட்டுக்கே பிடிச்சாகணுமோ?"

"எட்டு ஒண்ணுக்கு வந்தா அம்பேல் சார்."

"பொறுப்பாளருக்கும் தினம் ஒரு இடம் உண்டு. ரூல்லேயே இருக்கு. நான்தான் தொட்டதில்லை." கனைத்துக்கொண்டார். "உட்காருங்க மேடம். அடுத்த மீட்டிங்ல அந்த ரூலை மாத்தறேன். அதுவரைக்கும் உங்க இடத்துல உங்க பயிர் ஓடட்டும். நாளைலேருந்து துண்டை நான் போடறேன்."