பொங்காத யீஸ்ட்

லண்டன் வெம்பிளியில் அப்பம் என்றால் கலாவதியைத்தான் கேட்பார்கள். அதனால் சனிக்கிழமை காலையில் அடுத்த தெருச் செல்வரத்தினம் போன் எடுத்தபோது அவள் ஆச்சரியப்படவில்லை.

“அக்கா, அப்பத்துக்குக் கரைச்ச யீஸ்ட் பொங்கேல்லை. தவமலர் வேலையாலை வாறதுக்குள்ளை சரிப்பண்ண வேணும்.”

மனைவிக்குத் தெரியாமல் அப்பம் சுடப்போகிற மனுசன்! தேத்தண்ணிகூடப் போடத் தெரியாத தன் கணவரை நினைத்துக் கலாவதி பெருமூச்சு விட்டாள்.

“என்ன தண்ணியிலை கரைச்சனீர்?”

“கொதிச்ச தண்ணியிலை.”

“ஐயோ தம்பி, யீஸ்ட் அவிஞ்சு செத்துப்போச்சு. அதை ஊத்திப்போட்டுப் புதுசு கரையும். விரல் வைச்சால் சூடு தாங்க வேணும். கொஞ்சம் சீனி போடும். மூடியை இறுக்காதையும், துணியாலை மூடும்.”

அரை மணித்தியாலத்தில் அவன் திரும்பப் போன் எடுத்தான்.

“அக்கா, நுரை தள்ளுது!”

“கெட்டிக்காரன். எவ்வளவு மாவுக்கு?”

“அஞ்சு கலன் தண்ணிக்கு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான்.

“தம்பி, வீட்டிலை பியர் காய்ச்சுறீர், என்ன?”

“அக்கா, தவமலருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. போத்திலைக் கண்டாலே வீட்டை இரண்டாக்கிப்போடுவாள்.”

“சொல்லமாட்டன். ஆனால் எனக்கும் இரண்டு போத்தில் தர வேணும்.”

“நீங்கள் குடிப்பீங்களோ?”

“சீச்சீ! அப்ப மாவிலை ஊத்த இந்த லண்டனிலை கள்ளுக்கு எங்கை போறது? தவமலர் ஆசையாச் சாப்பிடுற என்ரை அப்பம் எதாலை பொங்குது எண்டு நினைச்சனீர்?”